நான்காமவர் எங்கே? - தகடூர் மண்ணில் பள்ளிச் சமூகப்பணி

முன்னுரை

தகடூர் எனச் சங்கச் சான்றோர் போற்றிய நிலமே இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமானஞ்சி ஆண்ட மண் அது. அவன் உவந்தளித்த நெல்லிக்கனியை ஔவையார் பெற்ற மண்ணும் அதுவே. புறநானூற்றின் 92ஆம் பாடலில் ஔவையார் அம்மன்னனை நோக்கி அரியதோர் உவமை கூறுகின்றார். குழந்தையின் மழலை யாழிசைக்கு ஒத்து வருவதில்லை, காலத்தோடு பொருந்துவதில்லை, அதற்குத் தெளிந்த பொருளும் இல்லை. எனினும் அதனைக் கேட்கும் தந்தைக்கு அருள் சுரக்கின்றது. என் சொல்லையும் நீ அவ்வாறே ஏற்கின்றாய் என்பது அப்பாடலின் கருத்தாகும்.

பொருள் விளங்காத குழந்தை மொழிக்கும் செவிசாய்க்கும் அருளைப் பாடிய மண்ணில், இன்று குழந்தைகள் வேறொரு மொழியில் பேசுகின்றனர். அம்மொழி மழலை அன்று, மௌனம். வகுப்பறையில் ஓர் இடம் வெறுமையாக இருக்கின்றது. வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ எனும் குறி விழுகின்றது. அக்குறி ஒரு நாள் விழுகின்றது. பத்து நாள் விழுகின்றது. பின்னர் அப்பெயரே ஏட்டிலிருந்து நீங்குகின்றது. அந்த மௌனத்தைக் கேட்பவர் யார், கேட்டுப் பொருளுணர்ந்து அவ்வீட்டு வாயில் வரை நடப்பவர் யார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. மேலைநாட்டார் ‘பள்ளிச் சமூகப்பணி’ என வழங்கும் துறை இவ்வினாவிற்கு விடையாகத் தோன்றியதாகும். அதன் இயல்பையும், தருமபுரி மாவட்டத்தில் அதற்குள்ள தேவையையும், நம்மனோர் கடமையையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஒரு முகாம் நினைவு

நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமிற்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு, அரூர் வட்டத்து மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் தங்கியிருந்தோம். வீடுதோறும் சென்று படிவம் நிரப்புவது எங்கள் பணிகளுள் ஒன்று. ஒரு வீட்டுத் திண்ணையில், பதின்மூன்று வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி இடுப்பில் கைக்குழந்தையுடன் நின்றிருந்தாள். எட்டாம் வகுப்பில் அவள் பெயர் இருந்தது. அவள்தான் வகுப்பில் இல்லை. தாயும் தந்தையும் பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்றிருந்தனர். பாட்டி மட்டும் உடனிருந்தார்.

“ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை அம்மா?” என்று வினவினோம். “நாங்க வேணாம்னா சொல்றோம் சார்? எனக்குக் கண்ணு தெரியல. இந்தக் கைக்குழந்தைய யாரு பாத்துக்கறது?” என்று அம்மூதாட்டி திரும்ப வினவினார். எங்களிடம் விடை இல்லை. ‘இடைநின்றதற்குக் காரணம்: குடும்பச் சூழ்நிலை’ என்று படிவத்தில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் சென்றோம். முகாம் நிறைவு விழாவில் கைதட்டல்களுக்குக் குறைவில்லை. ஆறு திங்கள் கழித்து அவ்வூருக்கு மீண்டும் சென்றபோது, அப்பெண்ணிற்குத் திருமணம் முடிந்துவிட்டது என்றனர்.

அவ்வீட்டிற்கு ஓர் அங்கன்வாடி வேண்டியிருந்தது. பாட்டிக்குக் கண் மருத்துவம் வேண்டியிருந்தது. பெண்ணுக்கு உண்டு உறைவிடப் பள்ளியில் ஓர் இடம் வேண்டியிருந்தது. இம்மூன்றும் அரசின் திட்டங்களாக நடைமுறையில் உள்ளவையே. இல்லாதவர், அவற்றை அவ்வீட்டோடு இணைத்துவைக்கும் ஒருவர். அப்பணியைச் செய்ய வேண்டிய நாளில் நாங்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம்.

வள்ளுவர் வகுத்த நான்கு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உடல்நோயைப் பற்றியதாயினும், அதன் நெறி சமுதாய நோய்க்கும் பொருந்துவதாகும். நோய் இன்னதென ஆராய்க. அதன் காரணம் இன்னதென ஆராய்க. அதனைத் தணிக்கும் வழியைத் தேர்ந்து, பிழையின்றிச் செய்க என்கின்றார் வள்ளுவர். அமெரிக்க நாட்டின் மேரி ரிச்மண்ட் அம்மையார் 1917இல் வெளியிட்ட நூலில், துயருற்ற குடும்பத்தை ஆராய்ந்து, காரணம் தெளிந்து, பின்னரே உதவி செய்ய வேண்டும் என்று தொழில்முறைச் சமூகப்பணிக்கு வரையறை வகுத்தார். இரண்டும் ஒரே நெறியாதல் கண்கூடு.

அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் இன்னும் ஆழமாக நோக்கற்பாலது. மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்கின்றது அக்குறள். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை உடனிருந்து அளிப்பவர் என்போரும் பொருளுமாகிய நான்கே அவை. இவற்றை நம் பள்ளிகளோடு பொருத்திப் பார்ப்போம். நோயுற்றவர் இடத்தில் இடர்ப்படும் குழந்தை. மருத்துவர் இடத்தில் ஆசிரியர். மருந்தின் இடத்தில் அரசின் திட்டங்கள். நான்காமவர் எங்கே? அவரே பள்ளிச் சமூகப் பணியாளர். அவருக்கு நம் பள்ளிகளில் நாற்காலி இல்லை.

தோற்றமும் வளர்ச்சியும்

பள்ளியிலிருந்து இல்லம் நோக்கி நடக்கும் இப்பணி, கட்டாயக் கல்வியின் பின்விளைவாகத் தோன்றியதாகும். இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பின்னர், பள்ளிக்கு வராத சிறுவரைத் தேடிச்செல்ல வருகை அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். முதலில் அவர்கள் அச்சத்தால் அழைத்துவருபவராகவே இருந்தனர். வறுமையே வராமைக்கு வேர் என்பது போகப் போகத்தான் உணரப்பட்டது. 1906இல் அந்நாட்டில் பள்ளிச் சிறார்க்கு உணவளிக்கும் சட்டம் நிறைவேறியது. உணவு தேவைப்படும் குழந்தை யார் எனக் கண்டறிய, இலண்டனில் பள்ளிதோறும் பராமரிப்புக் குழுக்கள் ஏற்பட்டன. தன்னார்வலராகிய மகளிர் வீடுவீடாகச் சென்றனர். உணவின் பொருட்டு வீட்டிற்குள் நுழைந்தவர்கள் அங்கே நோயையும், வேலையின்மையையும், குடிப்பழக்கத்தையும் கண்டனர். உணவு வழங்கத் தொடங்கிய பணி குடும்ப நலப் பணியாக விரிந்தது.

அதே 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ‘இல்லம் செல்லும் ஆசிரியர்’ என்னும் பணி தோன்றியது. குடியேறிய ஏழை மக்களிடையே தொண்டாற்றிய சமூக இல்லங்கள், பள்ளிக்கும் குடும்பத்திற்கும் இடையே தொடர்பு ஏற்படுத்துவதற்கென்று பணியாளரை அனுப்பின. அடுத்த ஆண்டில் பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு நகரங்களும் இதனைப் பின்பற்றின. இன்று உலகின் பல நாடுகளில் இது தனித் தொழிற்றுறையாக வளர்ந்துள்ளது.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பெயரால் அமைந்த நிறுவனத்தோடு தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சமூகப்பணிப் பள்ளி நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் பட்டதாரிகள் பலர் இத்துறையிலிருந்து வெளிவருகின்றனர். அவர்கள் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் செல்கின்றனர். அரசுப் பள்ளிகளின் பணியிட வரிசையிலோ அவர்களுக்கென நிலையான இடம் இல்லை.

தமிழகம் அளித்த மருந்துகள்

பள்ளிக் குழந்தைக்கு உணவளிப்பதில் தமிழகம் இந்தியாவிற்கு வழிகாட்டியது என்பது வெள்ளிடைமலை. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் இலவச உணவைத் தொடங்கிற்று. 1956இல் பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் பரவியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை என அடுத்தடுத்து வந்தவை பல. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பேண இயலாத நிலையிலுள்ள குழந்தைகளுக்கும் திங்கள்தோறும் 2000 ரூபாய் அளிக்கும் அன்புக்கரங்கள் திட்டம் 2025இல் தொடங்கப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாடு கருதற்குரியது. இலண்டனில் உணவு, பணியாளரை வீட்டிற்கு அழைத்துச் சென்றது. நம் நாட்டில் உணவு பள்ளி வாயிலோடு நின்றது. பள்ளிக்கு வந்த குழந்தைக்குப் பசி தீர்ந்தது. வராத குழந்தையைத் தேடி அன்னம் செல்லவில்லை. அன்னத்தைக் கொண்டு குழந்தையை அழைத்த அறிவுடைமைக்கு அடுத்த படி, அழைத்தும் வாராத குழந்தையின் வீட்டிற்கு அன்பைக் கொண்டுசெல்வதாகும்.

அரசு இத்திசையில் சில அடிகள் எடுத்துவைத்துள்ளது என்பதையும் மறைத்தற்கில்லை. 2013ஆம் ஆண்டளவில் உளவியல் வல்லுநர்கள் ஊர்திகளில் பள்ளிதோறும் சென்று ஆலோசனை கூறும் நடமாடும் மையங்கள் தொடங்கப்பட்டன. 14417 என்னும் பள்ளிக்கல்வி உதவி எண் உள்ளது. குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவி எண் இரவும் பகலும் இயங்குகின்றது. மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் உள்ளன. ஆயினும் ஊர்தி வந்து சென்றுவிடும். தொலைபேசி அழைத்தால்தான் ஒலிக்கும். மாவட்ட அலுவலகம் மலைக்கு வெகுதொலைவில் உள்ளது. குழந்தையை நாள்தோறும் காணும் இடம் பள்ளி ஒன்றே. ஆதலின், உதவி தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

தருமபுரியின் நிலை

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி அதனின்றும் பிரிந்தது. 1994இல் நாட்டில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, பெண்களின் எழுத்தறிவு தேசியச் சராசரிக்கும் கீழ் இருந்த மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழகத்தில் முதற்கட்டத்திலேயே தேர்வுபெற்றவற்றுள் தருமபுரியும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டபோது, தருமபுரி 68.5 விழுக்காட்டோடு மாநிலத்தின் கடைசி மாவட்டமாக நின்றது. பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேரே எழுத்தறிந்தவர்.

பெண்மகவைப் பிறந்தவுடன் இழக்கச் செய்த கொடுமையும் இம்மாவட்டத்தின் வரலாற்றில் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. இன்றைய மாவட்ட எல்லைக்குள், ஆறு வயதிற்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 826 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011இல் இவ்வெண் 913 ஆக உயர்ந்தது. சட்டமும் திட்டமும் செவிலியரின் கண்காணிப்பும் மக்களிடம் ஏற்பட்ட விழிப்பும் சேர்ந்து செய்த மாற்றம் இது.

2001ஆம் ஆண்டினை ஒட்டிப் பிறந்து பிழைத்த பெண் குழந்தைகள் இன்று மணப்பருவம் கடந்த மங்கையர். அவர்களுக்குப் பின் பிறந்தோர் இப்போது பள்ளியில் இருக்கின்றனர். பிறப்பில் காத்த சமுதாயம் பதின்மூன்றாம் வயதில் கைவிடலாமா? தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் 20 முதல் 24 வயதுடைய பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயது நிரம்புமுன் மணமுடிக்கப்பட்டவர்கள். இச்சிக்கல் மிகுந்த மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்றாகத் தொடர்ந்து எண்ணப்படுகின்றது. பள்ளியைவிட்டு நின்ற பெண்ணின் வீட்டிற்கு முதலில் வருவது வேலை. அடுத்து வருவது மாப்பிள்ளை வீட்டார். இடைநிற்றலும் இளவயது மணமும் ஒரே கிளையின் இரு காய்கள் எனலாம்.

வராமையின் வேர்கள்

பள்ளிக்கு வராத குழந்தையைச் சோம்பேறி என்றோ, பெற்றோரைப் பொறுப்பற்றவர் என்றோ கூறுவது எளிது. நோய்முதல் காணாது நோயாளியைப் பழிப்பதற்கு ஒப்பானது அது. தருமபுரியில் வராமையின் வேர்கள் பலவாகும்.

முதலாவது, இடம்பெயர்தல். வானம் பார்த்த பூமியில் கேழ்வரகும் சாமையும் மாவும் விளையும். ஆண்டு முழுவதும் வேலை விளையாது. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றன. குழந்தை உடன்சென்றால் பள்ளி போகும். பின்தங்கினால் காவல் போகும்.

இரண்டாவது, வீட்டுச்சுமை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதிற்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடுக்கின்றது. ஆயினும் தம்பியைத் தூக்குவதும், நீர் சுமப்பதும், ஆடு மேய்ப்பதும் எவர் கண்ணுக்கும் தொழிலாகத் தோன்றுவதில்லை.

மூன்றாவது, தொலைவு. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கப்பள்ளி அருகில் இருப்பினும், மேல்வகுப்பு மலையிறங்கிச் செல்லும் தொலைவில் உள்ளது. சாதிச் சான்றிதழ் கிட்டாமையால் விடுதியும் உதவித்தொகையும் தவறிப்போவதும் உண்டு.

நான்காவது, உடல்நலம். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. குழந்தைகளின் பற்கள் கறைபடுவதற்கும் எலும்புகள் நலிவதற்கும் அது காரணமாயிற்று. இதனைத் தணிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டிற்கு வந்தது. கறைபடிந்த பல்லை மறைக்க வாய்திறவாது அமர்ந்திருக்கும் சிறுமியை ‘மந்தமானவள்’ என்று கருதிவிடுவது எத்துணைப் பெரிய பிழை!

ஐந்தாவது, இல்லத்தில் நிகழும் இன்னல். தந்தையின் குடி, தாயின் கண்ணீர், கடன்காரர் வருகை, சில வேளைகளில் வெளியில் சொல்லவொண்ணாக் கொடுமை. இவை எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாயினும், வறுமை மிகுந்த இடத்தில் இவற்றின் வலியும் மிகுதி.

பணியாளர் ஆற்றும் பணிகள்

இவ்வேர்கள் ஒவ்வொன்றையும் ஆசிரியரே அகழ வேண்டும் என்பது முறையன்று. நாற்பது குழந்தைகளுக்குப் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவுசெய்யும் ஆசிரியருக்கு மாலையில் மலையேற நேரமும் இல்லை; அதற்கான பயிற்சியும் இல்லை. பள்ளிச் சமூகப் பணியாளரின் பணிகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

1. கண்டறிதல்: தொடர்ந்து வாராத குழந்தை, திடீரென ஒடுங்கிப்போன குழந்தை, சீற்றம் மிகுந்த குழந்தை ஆகியோரை ஆசிரியரின் துணையோடு இனங்காணுதல்.

2. இல்லம் செல்லுதல்: விசாரணை செய்பவராக அன்றி, விருந்தினராகச் செல்லுதல். குற்றம் சாட்டும் சொல்லைத் தவிர்த்து, வீட்டாரின் சொல்லை முதலில் கேட்டல்.

3. இணைத்தல்: கைம்பெண் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, சாதிச் சான்றிதழ், அங்கன்வாடி, விடுதி, உண்டு உறைவிடப் பள்ளி என உரிய உதவியை உரிய குடும்பத்தோடு சேர்த்தல், விண்ணப்பம் எழுதித் தந்து, அலுவலகத்திற்கு உடன்செல்லுதல்.

4. ஆற்றுப்படுத்துதல்: குழந்தையோடு தனித்துப் பேசி நம்பிக்கையூட்டல், பெற்றோர்க்கு ஆலோசனை கூறல், ஆசிரியருக்குக் குழந்தையின் நிலையை விளக்கல். வள்ளல்பால் சென்று வந்த புலவன் வறியவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை இலக்கியம் தமிழுக்கே உரியதன்றோ? இப்பணியும் ஓர் ஆற்றுப்படையே.

5. பாதுகாத்தல்: 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஆகியவற்றின்படி உரிய இடத்தில் முறையிட்டு, வழக்கு முடியும் வரை குழந்தைக்குத் துணைநிற்றல்.

6. மறைகாத்தல்: வீட்டில் கேட்டதை ஊரில் உரையாமை. இப்பண்பு இல்லாதவர் மற்ற ஐந்தையும் செய்ய இயலாது. ஆயினும் குழந்தையின் உயிருக்கும் மானத்திற்கும் ஊறு நேருமிடத்தில் மறைத்தல் கூடாது. சட்டம் அதனைக் கட்டாயமாகத் தெரிவிக்கச் சொல்கின்றது.

சித்தேரி மலைக்கு அண்மையில் உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு, இப்பணி இயலுமோ என ஐயுறுவார்க்குச் சான்றாக நிற்கின்றது. மருத்துவர்களாகிய ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993இல் அங்கே பழங்குடி மக்கள் நலப்பணியைத் தொடங்கினர். உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து, ஊர்தோறும் வீடுதோறும் அனுப்பினர். மருத்துவமனைக்கு வரத் தயங்கியவர்களிடம் மருத்துவமே நடந்து சென்றது. குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. உடல்நலத்தில் வென்ற இம்முறை கல்வியில் தோற்குமோ? ஊரின் மொழியும் உறவும் அறிந்த பெண்ணொருத்தி, முறையான பயிற்சியும் ஊதியமும் பெற்று, ஐந்தாறு பள்ளிகளுக்குப் பொறுப்பேற்பாளாயின் இம்மாவட்டத்தின் பதிவேடுகள் மாறும்.

சமயநெறியும் சமுதாயக் கடமையும்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறக்குமுன்னே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் அன்னையையும் இழந்தவர்கள். பாட்டனாரும் பின்னர்ப் பெரிய தந்தையார் அபூதாலிபும் அவர்களைப் பேணினர். அநாதையை விரட்டுபவனை மார்க்கத்தையே பொய்ப்பிப்பவன் எனத் திருமறையின் 107ஆம் அத்தியாயம் கடிந்துரைக்கின்றது. பெண்மகவை உயிரோடு புதைத்த கொடுமை இறுதித் தீர்ப்பு நாளில் வினவப்படும் என 81ஆம் அத்தியாயம் எச்சரிக்கின்றது. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் அதுவே அவர்தம் மீட்புத்தொகை என அறிவிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கல்விக்கும் அநாதைக்கும் பெண்மகவுக்கும் இத்துணை மதிப்பளித்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், ஒன்றை மனந்திறந்து பேசியாக வேண்டும்.

நம் வீடுகளிலும் பத்தாம் வகுப்போடு, சில இடங்களில் அதற்கு முன்னரே, பெண்ணின் படிப்பு நிறுத்தப்படுகின்றது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என வயதை வரையறுத்துள்ளது. மணமுடித்து வைப்பவர்க்கும் உடன்பட்டவர்க்கும் ஈராண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. இச்சட்டம் இசுலாமியர்க்கும் பொருந்தும் என 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தெளிவுபடுத்தியது. சட்டத்திற்கு அஞ்சி அன்று, பெண்ணின் வாழ்விற்கு இரங்கி ஜமாஅத்துகள் முன்வர வேண்டும். நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்திடுமுன் பிறப்புச் சான்றிதழைக் காண்பது ஒரு நிமிடப் பணி. அந்த ஒரு நிமிடம் ஒரு பெண்ணின் ஆயுளைக் காக்கும். பள்ளிவாசலில் காலையில் ஓதவரும் குழந்தைகளின் பெயர் உஸ்தாதுகளுக்குத் தெரியும். எந்தக் குழந்தை பள்ளிக்கூடம் செல்லவில்லை என்பதும் தெரியும். அதனைப் பள்ளித் தலைமையாசிரியருக்குத் தெரிவிப்பதும் ஓர் அறமே. ஜகாத் நிதியில் ஒரு பகுதி, தகுதியுடைய ஏழை மாணவியின் படிப்புக்குச் செல்லுமாயின் அது தலைமுறைக்கும் பயன்தரும்.

கல்லூரி செய்யத்தக்கவை

கல்லூரியில் பயிலும் மாணவர்களே, உங்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவர்கள். உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த கரம் ஒன்று இருந்திருக்கும். ஓர் ஆசிரியராகவோ, ஒரு மாமாவாகவோ, அண்டை வீட்டு அக்காவாகவோ இருந்திருக்கும். அக்கரமாக நீங்கள் மாற வேண்டிய காலம் இது.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏழு நாளில் முடியலாம். தத்தெடுத்த ஊரோடு உறவு முடிய வேண்டியதில்லை. முகாமில் இடைநின்ற குழந்தை ஒன்றைக் கண்டால், அக்குழந்தையின் பெயரையும் தேவையையும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் அளியுங்கள். ஒரு திங்கள் கழித்து மீண்டும் சென்று வினவுங்கள். குழந்தைத் திருமணச் செய்தி எட்டினால் 1098இல் தெரிவியுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடை அலுவலர் என்பதையும் அறிந்து வைத்திருங்கள். சமூகப்பணித் துறை உள்ள கல்லூரிகள் தம் மாணவர்களின் களப்பணிக்கு அரசுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பின், பணியிடம் தோன்றும் முன்னரே பணி தோன்றிவிடும்.

நிறைவுரை

தமிழ் இலக்கியம் பயின்றவனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். பாடலில் சொல்லாமல் விடப்பட்டதை உய்த்துணர்வதே இலக்கியக் கல்வி அளிக்கும் பயிற்சி. வருகைப் பதிவேடும் அவ்வாறு உய்த்துணரத் தக்க ஓர் ஏடே. அதில் வந்தவர் வரிசையைவிட வாராதவர் வரிசையில்தான் பொருள் மிகுதி.

தமிழகம் மருந்துகளைக் குறைவின்றிச் சேர்த்து வைத்திருக்கின்றது. ஆசிரியப் பெருமக்களும் உள்ளனர். உடனிருந்து ஊட்டும் நான்காமவரை அரசு பணியமர்த்த வேண்டும். தருமபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து அதனைத் தொடங்க வேண்டும். அதுவரையில் அவ்விடம் வெறுமையாக இருத்தல் ஆகாது. ஆசிரியரும், ஜமாஅத்தும், மேலாண்மைக் குழுவும், கல்லூரி மாணவரும் இயன்ற அளவு அவ்விடத்தில் நின்றாக வேண்டும்.

கைக்குழந்தையை இடுப்பில் சுமந்து திண்ணையில் நின்ற அப்பெண் எங்களிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எங்களுக்குப் பிந்தியே விளங்கிற்று. அடுத்த திண்ணையில் நிற்கும் பெண்ணுக்கேனும் அது காலத்தே விளங்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!